கயிறா, சங்கிலியா

மூன்றாவது முறையாக ஓட்வார் நங்கூரத்தை மேலே இழுத்தான். சங்கிலி உருளையில் ஏறும் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. கரையில் நின்றிருந்த ஒரே மானும் காட்டுக்குள் போய்விட்டது.

“நல்லாத்தானே பிடிச்சிருந்துச்சு?” என்றேன்.

“எனக்கென்னமோ திருப்தியா இல்ல, சிக்னே.”

“உனக்கு எப்பதான் திருப்தி? கல்யாணத்தன்னைக்கே கேட்டிருக்கணும் நான்.”

அவன் சிரிக்கவில்லை. நங்கூர விஷயத்தில் என் கணவனுக்குச் சிரிப்பு வராது. பல வருடங்களுக்கு முன் ஒருமுறை, நாங்கள் தூங்கும்போது படகு நகர்ந்து பாறைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விரிகுடாவுக்குப் போனாலும் மூன்று முறை, நான்கு முறை.

எங்கள் ஊரான பீட்டர்ஸ்பர்கிலிருந்து கிளம்பி ஒன்பது நாட்களாகத் தீவுகளுக்கு நடுவே சுற்றுகிறோம். இதுவரை நான் பார்த்ததெல்லாம் சங்கிலிச் சத்தத்துக்கு ஓடும் பின்பக்கங்கள்தான். பனிப்பாளத்திலிருந்து வழுக்கி இறங்கும் கடல்நாயின் பின்பக்கம். ஓர் ஓநாயின் வால். எனக்கு இருந்தது ஒரே ஆசை. தாய்க்கரடி ஆற்று முகத்தில் மீன் பிடித்துக் குட்டிகளுக்குக் கொடுப்பதை ஒருமுறையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும். ஐந்து கோடைகளாக இதே கதை. நாளை ஊர் திரும்ப வேண்டும், திங்கட்கிழமை அவனுக்குக் கப்பல் வேலை தொடங்குகிறது.

நான்காவது முறை அவனுக்குத் திருப்தி வந்தது. இயந்திரம் நின்றதும், யாரோ போர்வையை இழுத்து மூடியதுபோல் அமைதி வந்து கவிந்தது. ஓதம் இறங்கி நீர் வடியத் தொடங்கியிருந்தது. ஆற்று முகத்தில் சால்மன் மீன்கள் துள்ளி விழுந்தன.

அப்போது இன்னொரு படகு வந்தது. வெள்ளைப் படகு. அதன் ஆள் எங்களுக்குக் கையசைத்துவிட்டு மிகப் பக்கத்திலேயே நங்கூரத்தைப் போட்டான்.

“கயிறா சங்கிலியான்னு கேளேன்” என்றேன். சங்கிலி போட்ட படகு அதன் கனத்தில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கயிறு போட்டது, ஓதம் திரும்பும்போது பெரிய வட்டமாகச் சுற்றும். பின்னால் வந்தவன்தான் விலகிப் போக வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். கேட்டால் போதும்.

“அவருக்குத் தெரியாதா? நான் போய் பாடம் எடுக்கணுமா?”

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். மூழ்கும்போதுகூடப் பக்கத்து ஆளைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

மாலை ஆறு மணிக்குக் கரடி வந்தது. பின்னாலேயே இரண்டு குட்டிகள். நான் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவள் தண்ணீரில் இறங்கி அசையாமல் நின்றாள். சரியாக அந்த நேரத்தில் நீர் திரும்பி ஏறத் தொடங்கியது. வெள்ளைப் படகின் பின்புறம் மெதுவாக எங்கள் பக்கம் வந்தது.

ஓட்வார் முன்பக்கம் ஓடினான். நான் அவனுக்கு முன்னால் போய் நங்கூரத்தை இழுக்கும் உருளையின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“எந்திரி. இடிச்சிரும்.”

“இடிக்கட்டும். இன்னைக்கு ஒரு சத்தம் வந்துச்சுன்னா, நீ ஊருக்கு நீந்தித்தான் போகணும்.”

வேறு வழியில்லாமல் ரப்பர் மெத்தையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, நெருங்கி வந்த படகின் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டான். அந்த ஆளும் வெளியே வந்து எங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சிருங்க. நான் ராண்டல், ஜூனோவுலேர்ந்து” என்று கிசுகிசுத்தான்.

“பரவால்ல. கயிறுங்களா?”

“கயிறுதாங்க. முன்னால கொஞ்சம் சங்கிலி. நீங்க?”

“முழுக்கச் சங்கிலி. எத்தன அடி விட்டீங்க?”

“நூத்தம்பது.”

“நூத்தம்பதா! இந்த ஆழத்துக்கா?” கிசுகிசுப்பு அதோடு முடிந்தது. “என்ன நங்கூரம் அது?”

“அட, அத ஏன் கேக்குறீங்க...”

தாய்க்கரடி தலையைத் தூக்கினாள். ஒருமுறை மூச்சை இழுத்து வாசம் பார்த்தாள். பிறகு எனக்கு மறுபடியும் மூன்று பின்பக்கங்கள் தெரிந்தன.

நான் எங்கள் படகின் பின்னால் கட்டியிருந்த சின்னப் படகை அவிழ்த்து அதில் இறங்கினேன். யாரும் கவனிக்கவில்லை. நங்கூரத்தின் எடையில் வந்து நின்றிருந்தது பேச்சு.

கரை முனையைச் சுற்றி ஆற்றின் மறுகரைப் பக்கம் போய்த் துடுப்புகளை உள்ளே எடுத்து வைத்தேன். கால் மணி நேரம் போயிருக்கும். புல் விலகியது. அவளேதான், குட்டிகளோடு. நேராகத் தண்ணீருக்குள் வந்தாள். ஒரு பாய்ச்சல். வாயில் மீன் துடித்தது. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடின. இதோ, கொடுக்கப் போகிறாள்.

அப்போதுதான் குட்டியின் காது மயிர்கூடத் தெரிவதைக் கவனித்தேன். ஏறும் நீர் என் படகைச் சத்தமில்லாமல் அவர்களை நோக்கிக் கொண்டுபோயிருந்தது. நாற்பது அடிகூட இல்லை. கரடி மீனைக் கவ்வியபடியே என்னைப் பார்த்தாள். அவள் தோள் மயிர் சிலிர்த்தது.

விலகிப் போகத் துடுப்பை எடுத்துப் போட்டேன். படகின் விளிம்பில் அது இடித்த சத்தம் துப்பாக்கி வெடித்ததுபோல் கேட்டது. மீன் கீழே விழுந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

பின்னோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டே வந்தேன். கண்ணில் நீர் முட்டியது. இந்த முறை திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.