அவசரமில்லாத குரல்

…இன்னும் ஒரு ஸ்லைடா, இந்த மனுஷர் முடிக்கவே மாட்டாரா, பெரிய கம்பெனி பெரிய கம்பெனி என்று அதையே எத்தனை தடவைதான் சுற்றிச் சுற்றிச் சொல்வார், எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்களாம், எல்லாரும் எடுப்பதை எடுத்தால் நாளைக்கு ஏதாவது கவிழ்ந்தாலும் நம்மை யாரும் குறை சொல்ல முடியாதாம், ஆகா, என்ன ஒரு காரணம், மூக்குக் கண்ணாடிக் கடைகளுக்கு க்ளவுட் பார்க்கச் சொன்னால் மேனேஜர் தன் தலைக்குக் குடை பார்த்திருக்கிறார். மேனேஜர் என்றால் முதலாளியின் மைத்துனர், அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் இவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது, எனக்கு வாங்கின பட்டத்துக்குக் கவுண்ட்டரில் நிற்க இடம் கிடைத்தது, உட்காரக்கூட இல்லை. சரி, பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அடுத்தது உன் முறை, இப்போது கோபப்பட்டால் குரல் நடுங்கும், குரல் நடுங்கினால் பயந்துவிட்டாள் என்பார்கள்… கோபத்துக்கும் பயத்துக்கும் எனக்கு ஏன் ஒரே குரல்?

மேசையின் கோடியில் முதலாளி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகத் துடைக்கிற துணி கொடுக்கிற மனுஷர், தனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. என் பக்கத்தில் கவுண்ட்டர் அக்கா, சுவரோரம், கீழே இருக்கிற கடையிலிருந்து தூக்கிப்போட்ட பழைய ஆளுயரக் கண்ணாடி, அதில் நாங்கள் எல்லாரும் கொஞ்சம் சாய்ந்து தெரிகிறோம். இதெல்லாம் அந்தக் கழிப்பறைக் குழாயால் வந்தது, அதற்கு நான் மாலைதான் போட வேண்டும், அது மட்டும் உடைந்து பின்னறைக்குள் தண்ணீர் புகுந்து எல்லாக் கிளைகளின் கணக்கும் இருந்த சர்வர் பெட்டியை நனைக்காமல் இருந்திருந்தால் இந்த அறைக்குள் என்னை யார் விட்டிருப்பார்கள்? அன்றைக்கு எல்லாக் கிளைகளிலும் தயாரான கண்ணாடிகள் தட்டுத் தட்டாக இருந்தன, எது யாருடையது என்று சொல்ல மட்டும் எதுவுமில்லை, வந்தவர்கள் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள், ஒரு பெரியவர் எதையோ மாட்டிக்கொண்டு, "இதுலயே நல்லாத்தாம்மா தெரியுது, யாரோடதா இருந்தா எனக்கென்ன" என்று கிளம்பியே விட்டார், கவுண்ட்டர் அக்கா வாசல்வரை ஓடிப்போய் அவர் மூக்கிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். அந்தக் கூத்துக்கு நடுவில்தான் முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார், "நீ கம்ப்யூட்டர்தானேம்மா படிச்சே? இனிமே இதையெல்லாம் எங்க வைக்கலாம்னு பார்த்துச் சொல்லேன்." என் படிப்பைப் பற்றி அந்தக் கடையில் யாரோ கேட்ட முதல் கேள்வி. நான் சொல்வதை எடுத்துக்கொண்டால் மாற்றுகிற வேலை முழுக்க என் கையில், மேனேஜர் சொல்வதை எடுத்துக்கொண்டால் வெளியிலிருந்து அவருடைய ஆள் வருவான், நான் மறுபடியும் கவுண்ட்டருக்குப் போய் இந்த ஃப்ரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது சார் என்று பார்க்கிற முகத்துக்கெல்லாம் பொய் சொல்ல வேண்டும்…

மூன்று கம்பெனி பார்த்தேன். பின்னறைப் பெட்டியில் இருந்ததை இன்னொருவன் கட்டடத்தில் வாடகைக்கு வைக்கப் போகிறோம், அவ்வளவுதானே க்ளவுட், வாடகை வீடு பார்த்துப் பார்த்தே வளர்ந்தவளுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பூட்டு உறுதியா, காலி செய்யும்போது சாமானை முழுசாக எடுத்துப்போக விடுவானா, ஏதாவது உடைந்தால் கூப்பிட்ட குரலுக்கு வருவானா. முதல் இரண்டில் மூவருமே தேறினார்கள், வாடகையிலும் பெரிய வித்தியாசமில்லை. மூன்றாவதைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை, நான் போன் செய்தால் படித்தவள் மாதிரிப் பேசிவிடுவேன், நாளைக்குக் கடைகளிலிருந்து பேசப் போகிறவர்கள் நானா? அதனால் மூன்று இடத்திலும் சும்மா ஒரு கணக்கைத் திறந்து, பொய்ப் பெயர்களைப் போட்டு நிரப்பி, அதை நானே அழித்துவிட்டு, போனை அம்மா கையில் கொடுத்தேன். அம்மா ஹாஸ்டலில் சமைக்கிறாள், யாரிடமும் பேசக் கூச்சப்படாதவள். பெரிய கம்பெனிக்காரன் மரியாதைக்கு ஒன்றும் குறைவைக்கவில்லை, "வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா குடுங்க மேடம்" என்றான், "இருந்தா நான் ஏன்யா உனக்கு போன் பண்ணிட்டு இருக்கேன்?" என்றாள் அம்மா. இரண்டாவது கம்பெனியில் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மியூட் போட மறந்துவிட்டார்கள், பின்னால் இரண்டு பேர் சிரித்தது எங்கள் சமையலறை முழுக்கக் கேட்டது, நான் போனைப் பிடுங்கப் போனேன், அம்மா கையைத் தட்டிவிட்டாள், "விடுடி, சின்னப் பசங்க." மூன்றாவதில் ஒரு பெண், தொண்டை கட்டிய குரல். "அக்கா, எனக்கு அவசரமில்ல, இப்ப திரையில என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க." அம்மா தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததையும் சொன்னாள், பேச்சு முடிவதற்குள் பொய்ப் பெயர்கள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. "இது உங்க தப்பு இல்லக்கா, அழிக்கிற பட்டனைக் கைபடுற இடத்துல வச்சது எங்க தப்பு." போனை வைத்த பிறகு அம்மா, "பாவம்டி, அந்தப் பொண்ணுக்குத் தொண்டை சரியில்ல" என்றாள், அவ்வளவுதான், எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது, எரிச்சலாகவும் இருந்தது, ஒரு குரலுக்கா இப்படி? அந்தப் பெண் நாளைக்கே வேலையை விட்டுவிட்டால்? மறுநாள் மறுபடியும் அம்மாவைப் பேசச் சொன்னேன், இந்தத் தடவை ஓர் ஆண், வேறு குரல், ஆனால் அதே 'எனக்கு அவசரமில்லக்கா.' அப்படியென்றால் அது அந்தப் பெண்ணின் குணம் மட்டும் இல்லை, அந்த இடத்தில் அப்படிச் சொல்லித்தருகிறார்கள்… யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், தெரியாதவர்கள் போன் செய்வார்கள் என்று.

எனக்கு அப்படி யாரும் யோசிக்கவில்லை. கல்லூரியில் முதல் வருஷம் மானிட்டரின் பட்டனை அணைத்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று நினைத்திருந்தேன், தினமும் பொறுப்பாக அணைத்துவிட்டுப் போவேன், ஒருநாள் வாய்விட்டு, இதற்குக் கீழே இருக்கிற பெட்டி எதற்கு என்று கேட்டுத் தொலைத்தேன், லேப் முழுக்கச் சிரிப்பு, சொல்லித்தர வந்தவரும் சிரித்தார், கடைசி வருஷம்வரை என் பெயர் மானிட்டர். சும்மா கேட்டேன், விடுங்க என்றேன் அன்றைக்கு. அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்டதில்லை, எல்லாவற்றையும் தனியாக முட்டி மோதித்தான் படித்தேன். இப்போதும் பார், என் ஸ்லைடில் என்ன எழுதி வைத்திருக்கிறேன், 'தொழில்நுட்பப் பின்னணி இல்லாத ஒரு பயனரைக் கொண்டு சோதனை.' அம்மா என்று எழுதக் கை வரவில்லை. எவ்வளவு கோபம் இருந்து என்ன…

"அடுத்து நீ சொல்லும்மா" என்கிறார் முதலாளி. எழுந்துவிட்டேன், குரல் நடுங்கவில்லை, பூட்டைப் பற்றிச் சொல்கிறேன், காலி செய்வதைப் பற்றிச் சொல்கிறேன், மேனேஜர் போனை நோண்டுகிறார், நோண்டட்டும். அப்போது கவுண்ட்டர் அக்கா கையைப் பாதி தூக்குகிறார். "ஏம்மா, நம்ம கடையில கரண்ட் போயிட்டா, அங்க இருக்கிறதும் அழிஞ்சு போயிடுமா?" மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கினார், "அக்கா, நீங்க வேற! கரண்ட் போனா பேங்க்ல இருக்கிற உங்க சம்பளமும் போயிடுமா?" முதலாளியின் தோள்கூடக் குலுங்கியது. அக்கா கையை இறக்கிப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார், "இல்ல, சும்மா கேட்டேன், விடுங்க." அந்த வார்த்தையைக் கேட்டு நிமிர்ந்தேன், எதிரே அந்தச் சாய்ந்த கண்ணாடி, அதில் நாலு பேரும் இருந்தோம், மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தோம். மூன்று பேர். என் வாயின் ஒரு ஓரம் மேலே போயிருந்தது, நான் அதைப் போகச் சொல்லவில்லை.

"அழியாதுக்கா" என்றேன், "அது நம்ம கரண்ட்ல ஓடலை. கரண்ட் வர்ற வரைக்கும் போன்லயே திறந்து பார்க்கலாம், நான் சொல்லித் தரேன், எனக்கு அவசரமில்ல. இவ்வளவு நேரம் பேசினோமே, இதை யாராவது சொன்னோமா? இது உங்க தப்பு இல்ல." அக்கா என்னைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்து லேசாக இருமினார். மேனேஜர் விடுவாரா, திரையைக் காட்டி, "அதெல்லாம் இருக்கட்டும், பயனர்னு போட்டிருக்கியே, யாரும்மா அந்தப் பெரிய மனுஷர்?" என்றார். "எங்கம்மா சார். ஹாஸ்டல்ல சமைக்கிறாங்க." சொல்லிவிட்டேன், கூரை ஒன்றும் இடியவில்லை. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார், நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டார். "அம்மாவா? என்ன கேட்டாங்க, அவனுங்க என்ன சொன்னானுங்க? முதல்லேருந்து சொல்லு." சொல்கிறேன், மியூட் போட மறந்ததைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா "அடப்பாவிங்களா" என்கிறார், போகிற போக்கைப் பார்த்தால் வேலை என் கைக்கு வந்துவிடும் போலத்தான் இருக்கிறது, வந்தால் எல்லாக் கடைகளிலிருந்தும் அழைப்பு எனக்கு வரும், கேட்டதையே கேட்பார்கள், எடுப்பேன், அவசரமில்லை என்பேன், நன்றாகத்தான் செய்வேன்… போனில் முகம் தெரியாது. அந்த வாயோரம் அப்படிச் சிரிக்க எப்போது கற்றுக்கொண்டது, அதே லேபிலா? பேசிக்கொண்டே இருக்கிறேன், அந்தக் கண்ணாடிப் பக்கம் மட்டும் திரும்பாமல்.