அன் ஹலீன்

என் மகள் பாபினைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஃபெஸ்டி வந்து நின்ற நாளிலிருந்தே எனக்கு அவன்மேல் சந்தேகம். லெட்டர்மோர் தீவில் ஐரிஷ் பேசி வளர்ந்தவன் என்றான். சொல்வதற்கு என்ன? எங்கள் கொனமாராக் கரையில் வீடு கட்ட அனுமதி வேண்டுமென்றால் ஐரிஷ் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே டப்ளினில் வகுப்புக்குப் போய் மொழியைப் படித்து, கூடவே ஒரு பூர்வீகத்தையும் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கடலைப் பார்த்த நிலம் எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. எங்கள் ஓ கூலன் குடும்பத்துக்குள் ஒரு பொய்யன் மருமகனாக நுழைய நான் விடமாட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, வாசலில் காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் பாபினோடு ஐரிஷில் அவன் பேச்சு. கெட்டில் இரைச்சலில் கடைசி வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்தன: "...அன் ஹலீன்."

மாட்டிக்கொண்டான்.

கலீன் என்றால் இளம்பெண். ஆனால் இலக்கணத்தில் அது ஆண்பால். பெண்பாற்சொல்லுக்கு முன்னால் 'அந்த' என்ற பொருளில் 'அன்' வந்தால் முதல் ஒலி மெலியும். பெண்ணைக் குறிக்கும் 'பான்' என்ற சொல் 'அன் வான்' ஆகும். கலீன் அப்படி 'ஹலீன்' என்று மெலியாது. 'அன் கலீன்'தான். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூட இதில் தவறாது. பெண்தானே என்று மெலிப்பவன் வகுப்பில் படித்தவன்.

உள்ளே போனேன்.

"எந்த வகுப்புல படிச்ச தம்பி?"

"என்ன வகுப்பு ஐயா?"

"அன் ஹலீனாம்! லெட்டர்மோர்ல மாடுகூட அப்படிக் கத்தாது."

"ஐயோ அப்பா, அவரு டீயாவது குடிக்கட்டும்" என்றாள் பாபின்.

அவன் முகம் சிவந்தது. "அதுக்கு முன்னாடி சொன்னது உங்களுக்குக் கேக்கலையா? 'அஹர் அன் ஹலீன்'னு சொன்னேன்."

பெண்ணின் அப்பா. 'பெண்ணின்' என்று வரும்போது கலீன் மெலியத்தான் வேண்டும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

"உங்களப் பத்திதான்பா பேச்சு" என்று பாபின் சிரித்தாள். "பொண்ணோட அப்பாவப் பாத்தா காலு நடுங்குதாம்."

நான் சிரிக்கவில்லை. "சரி, அந்தக் கலீன் வந்தானா, வந்தாளா?"

கலீன் ஆண்பால் என்று இலக்கணம் மட்டும் படித்தவன் 'வந்தான்' என்பான்; பேசி வளர்ந்தவன் 'வந்தாள்' என்பான்.

ஃபெஸ்டி பாபினைப் பார்த்தான். "வந்தாள்தான். 'வந்தான்'னு சொன்னா எங்கம்மா கரண்டியாலயே போடுவாங்க."

கணப்புக்கு அருகிலிருந்த நாற்காலியை அவனுக்குக் காட்டினேன். பாபின் என் கன்னத்தில் முத்தமிட்டாள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னேன்.

நிலத்தைப் பற்றி மட்டும் அவன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இடிக்கிறது.