அடுப்படியில் வைத்த கட்டி

யார் மேலயும் எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா அது பச்சைப் பொய். முதல் கோபம் என் கை மேலதான்.

கஜகஸ்தான்ல, கரகண்டாங்கற ஊர்ல, எங்க ஆலையில வீடுகளுக்குத் தரை ஸ்லாப் செய்யறோம். கம்பியை முறுக்கா இழுத்துக் கட்டி, மேல கான்கிரீட்டை ஊத்தி, இறுகினப்புறம் கம்பியை வெட்டுவோம். கம்பி சுருங்கப் பார்க்கும், கான்கிரீட் விடாது. அந்தப் பிடிதான் ஸ்லாப்புக்கு உயிர். நான் ஸாவ்ரெஷ், சோதனைக்கூடத்துல இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு தடவையும் அதே கலவையில சின்னக் கட்டிகள் ஊத்தி ஸ்லாப் பக்கத்துலயே வைப்போம். ஸ்லாப் படற குளிரைக் கட்டியும் படணும். மறுநாள் கட்டியை நசுக்கிப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டாத்தான் கம்பியை வெட்டலாம்.

போன ஜனவரியில மைனஸ் முப்பது. கொதிகலன் வேற மக்கர். கட்டி உறைஞ்சுடுமேன்னு தூக்கிட்டு வந்து, டீ போடற அடுப்புப் பக்கத்துல வச்சேன். புத்தி கெட்டவ! மறுநாள் கட்டி கல்லாட்டம் நின்னுது. வெளியில ஸ்லாப் எப்படி இருக்குன்னு யார் பார்த்தா? கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல்ல பனி கரைஞ்சப்போ, அன்னிக்கு ஊத்தின பன்னிரண்டுல மிஞ்சின ஒரே ஸ்லாப் முற்றத்துல கிடந்துச்சு. அதோட முனையில கம்பி தெரியலை. விரலை விட்டா நகம் மறையற ஆழத்துக்கு உள்ளே போயிருக்கு. பிடி விட்டுப்போச்சு. மத்த பதினோரு ஸ்லாப்பும் பதினாலாம் நம்பர் கட்டடத்துல மூணாவது மாடித் தரையா உக்காந்து, அதுக்கு மேல ரெண்டு மாடி ஏறிடுச்சு. என் மகன் எர்கெபுலான் வாங்கின வீடு அந்த மூணாவது மாடியிலதான்.

தலைமைப் பொறியாளர் சகிண்டிக்கிட்ட ஓடினேன்.

"தம்பி, அந்த ஸ்லாப் மேல எடை ஏத்திப் பார்க்கணும்."

"ஏன்க்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

கெஞ்சிக் கூத்தாடி ஏத்த வச்சேன். பாதி எடைக்கே அடியில விரிசல். குனிஞ்சு பார்த்தவர் முகம் வெளுத்துப்போச்சு. ஆனா நிமிர்ந்ததும் பேச்சு மாறிடுச்சு.

"குளிர்காலம் பூரா வெட்டவெளியில கிடந்ததாச்சே அக்கா இது. கட்டடத்துல இருக்கறது நல்லாத்தான் இருக்கும்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"உங்க கையெழுத்தை வச்சுத்தான்."

மறுநாள் போனா அந்த ஸ்லாப்பை உடைச்சு லாரியில அள்ளிட்டாங்க. நடந்ததையெல்லாம் ஆய்வுத் துறைக்கு எழுதினேன். மூணு வாரம் கழிச்சு ஒரே வரி பதில்: சோதனைச் சான்று முறையாக உள்ளது. அடப்பாவிகளா, அது நான் கொடுத்த சான்றுதானே! சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு.

மகன்கிட்டயும் சொன்னேன். சிரிச்சான்.

"அம்மா, நீ கையெழுத்துப் போட்ட வீடுன்னுதான் தேடிப் பிடிச்சு வாங்கினேன். சும்மா பயப்படாதே."

அக்டோபர்ல குடிபோன விருந்து வச்சான். குதிரைக்கறி, அகலத் தட்டுல மாவுப் பட்டை மேல கறியைப் பரப்பின பேஷ்பர்மாக், அறுபது பேர். மருமகள் மெருவெர்த் நிறைமாசம். சாப்பிட்டு முடிச்சதும் பாட்டைப் போட்டு ஆட ஆரம்பிச்சாங்க. தட்டுல கரண்டி கடகடன்னு ஆடுச்சு.

"ஐயோ, உக்காருங்க! உக்காந்து பாடுங்களேன்!"னு கத்தினேன்.

"எங்க சம்பந்திக்குக் கீழ்வீட்டுக்காரங்க மேல என்ன பாசம் பாரேன்!" மெருவெர்த்தோட அம்மா சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க.

எர்கெபுலான் தம்ளரைத் தூக்கினான். "இது எங்கம்மா சோதிச்ச தரை! குதிரையை ஏத்தினாலும் தாங்கும்! அம்மா, வந்து ஆடு!"

விருந்துல வீட்டுப் பெரியவ ஆடலைன்னா வீட்டுக்கு ஆகாதுன்னு எங்க ஜனங்க நினைப்பு. மெருவெர்த் ஒரு கையால வயித்தைத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையால என்னை இழுத்தா. எழுந்தேன். குதிகாலைத் தரையில வைக்காம, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, நுனிவிரல்ல ஆடினேன்.

"அடேயப்பா, சின்னப் பொண்ணு தோத்துடுவா!"ன்னு கைதட்டினாங்க. அதைப் பார்த்துட்டு, உக்காந்திருந்த மிச்சப் பேரும் எழுந்து ஆட வந்துட்டாங்க.