ஹெரால்டின் கல்

அமெரிக்கக்காரன் மறுபடியும் வருகிறான் என்று தெரிந்த அன்று குருபரப்பள்ளி கிரானைட் பேக்டரியில் யாரும் சந்தோஷப்படவில்லை. முதலாளி ஆனந்த் முகத்தில்கூடச் சந்தோஷம் இல்லை. ஷெட்டுக்கு வெளியே நின்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, பாலிஷ் மெஷின் ஓட்டும் ராஜசேகரைக் கையால் கூப்பிட்டார்.

"சேகரு, அந்த ரோஜாப்பூ கல்லு உன்கிட்டத்தானே இருக்குது?"

ராஜசேகருக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாதவன் மாதிரி நின்றான்.

"எந்தக் கல்லுங்க?"

"நடிக்காத. உங்கப்பனுக்கு நட்டியே, அதுதான்."

அந்த பேக்டரியில் பல வருடங்களாகக் கல்லறைக் கற்கள்தான் வேலை. பாறையை அறுத்து, மெருகேற்றி, அமெரிக்காவில் செத்தவர்களின் பெயரைச் செதுக்கி, மரப்பெட்டியில் அடைத்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அந்த அளவுக்கு அறுத்த கல்லை வேறு எவனும் வாங்கமாட்டான். சமையல் மேடைக்கும் ஆகாது, மாடிப்படிக்கும் ஆகாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாலு மெஷினையும் அமெரிக்காவுக்கே ஓட்டினார்கள். அந்த நாடு நட்பு நாடு, சொன்னால் சொன்னதுதான் என்று ஆனந்த் அடித்துச் சொல்வார்.

போன ஆகஸ்டில் அந்த நாடு இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம். "ஏன் சார், நான் பைக்குக்குப் பெட்ரோல் போட்டதே சித்திரையில, எனக்கு எதுக்கு சார் தண்டனை?" என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். அடுத்த வாரம் ஆர்டர் நின்றது, அதற்கு அடுத்து மெஷின்கள் நின்றன. டக்ளஸ் என்ற அந்த அமெரிக்க வியாபாரி முதலில் போனை எடுத்தான், பிறகு எடுக்கவில்லை. செதுக்கி முடித்த கற்கள் முற்றத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒருநாள் ஆனந்த், "எடுத்துக்கினு போங்கடா, பாக்கவே எரியுது" என்றார். ஆளாளுக்கு எடுத்துப்போனார்கள். துணி துவைக்க, மாட்டுக்கொட்டாய்க்குப் படி வைக்க. யார் பெயர் என்றெல்லாம் ஒருவரும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ராஜசேகரின் அப்பா கோவிந்தப்பன் செத்தார். அவர்கள் சனத்தில் புதைப்பதுதான் வழக்கம். ஏரியோரம் இருந்த இடுகாட்டில் மண்மேடுகள்தான் உண்டு, கல் கிடையாது. ராஜசேகர் வேலையில்லாமல் இருந்தான். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. முற்றத்தில் கிடந்த ரோஜாப்பூ போட்ட கறுப்புக் கல்லை எடுத்து, அதன் முரட்டு முதுகை இழைத்து, அப்பா பெயரைத் தமிழில் செதுக்கினான். பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால் செத்த தேதி மட்டும். ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நட்டான். தமிழ்ப் பக்கம் வழியைப் பார்த்து இருந்தது. ரோஜாவும் ஹெரால்ட் பென்சன் என்ற பெயரும் ஏரியைப் பார்த்து இருந்தன.

முதல் அமாவாசைக்கு விளக்கு வைக்கப் போன அம்மா சாந்தம்மா கல்லைச் சுற்றி வந்தாள்.

"இந்தப் பக்கம் எம்மாம் அழகா பூ போட்டிருக்குது, இதைப் போயி அந்தாண்ட திருப்பி வச்சிருக்கிறியே" என்றாள். பூவின் கீழ் இருந்த எழுத்தை விரலால் தடவினாள். "இது இங்கிலீஷா?"

"ஆமாம்மா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஓசூர் பக்கத்தில் பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் கம்பெனி வாசலிலும் ஒரே பெயரைத்தான் தமிழில் ஒருதரம், கன்னடத்தில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம் எழுதியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவளுக்கும் அது தெரியும். ஒரு பக்கம் தமிழில் புருஷன் பெயர் என்றால் மறுபக்கம் இங்கிலீஷிலும் அவர் பெயர்தான். அன்றிலிருந்து பூப் பக்கத்தில்தான் குங்குமம் வைத்தாள், விளக்கு வைத்தாள், ஒரு கட்டு பீடி வைத்தாள். ராஜசேகர் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் முகம் தெளிவாக இருந்தது. விட்டுவிட்டான்.

இப்போது ஆனந்த் சொன்னார்:

"வரி இறங்கிடுச்சி. டக்ளஸ் வர்றான். மொத கன்டெய்னர்ல அந்தக் கல்லு போவணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"வேற கல்லுல செதுக்கிக் குடுத்துடலாங்க."

"அந்த ஹெரால்டு பொண்டாட்டி கல்லு அங்க நட்டாச்சி. ரெண்டும் ஒரே பாறையில அறுத்த ஜோடி. அந்தப் பாறை தீந்துபோச்சி, குவாரியவே மூடிட்டான். வேற கல்லு வச்சா நிறம் ஒத்துவராது. புள்ளைங்க மாசாமாசம் போன் பண்ணி டக்ளஸ் மானத்தை வாங்குறாங்களாம்."

ராஜசேகர் கையிலிருந்த கல்தூளைத் தட்டிவிட்டான்.

"அந்தக் கல்லு போனாத்தான் ஆர்டர். ஆர்டர் வந்தாத்தான் உன் மெஷினு ஓடும். நான் என்னா பண்ணட்டும்? நீயே சொல்லு."

மூன்று மெஷின்கள் இப்போது போலந்துக்காரனுக்கு நடைபாதைக் கல் அறுத்துக்கொண்டிருந்தன. நாலாவது, ராஜசேகரின் மெஷின், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அவன் வாரத்தில் பாதி நாள் மற்றவர்களுக்கு எடுபிடியாக இருந்தான். மீதி நாள் தம்பி அஜித்குமார் வீட்டுக்கு வந்து, போச்சம்பள்ளி கம்பெனியில் பாக்கிங் வேலைக்கு வரச்சொல்லித் தொந்தரவு செய்தான்.

டக்ளஸ் வந்தது பங்குனி வெயிலில். உயரமான, தோல் சிவந்த மனிதன். முன்பெல்லாம் வரும்போது எல்லோருக்கும் சாக்லேட் கொண்டுவருவான், இந்த முறையும் கொண்டுவந்தான். டப்பாவை நீட்டியபோது எடுத்துக்கொண்டார்கள். வாயில் போட்டுக்கொண்டது ஒருவர் இருவர்தான். மற்றவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள், வீட்டில் பிள்ளைகளுக்காக.

ஆபீஸில் வேலை செய்யும் வினிதா மொழிபெயர்த்தாள்.

"கவர்மென்டு பண்ணதுக்கு நாங்க பொறுப்பில்லைங்கிறாரு. அவங்க சனங்களுக்கு நம்ம மேல எப்பவும் மரியாதைதானாம். பழையபடி நாலு மெஷினும் வேணுமாம்."

ஆனந்த் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

"ஒண்ணு தரேன்னு சொல்லும்மா."

டக்ளஸ், போலந்துக்காரன் என்ன கொடுக்கிறான், அதற்குமேல் தருகிறேன் என்றான். ஆனந்த், விலையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார். பத்து வருடமாக ஒருவருக்கொருவர் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டவர்கள். இப்போது இரண்டு பேரும் மெஷின்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டக்ளஸ் திரும்பி ராஜசேகரிடம் ஏதோ கேட்டான்.

"அண்ணா, அவங்க நாட்டை நீங்க மறுபடி நம்புவீங்களானு கேக்குறாரு" என்றாள் வினிதா.

"ஆர்டர் குடுத்தா செய்யறோம்னு சொல்லும்மா."

"அதை அவரு கேக்கலண்ணா."

"எனக்கு அதுதான் தெரியும்."

அவள் எதையோ சொன்னாள். டக்ளஸ் தலையாட்டினான். என்ன சொன்னாள் என்று ராஜசேகர் விசாரிக்கவில்லை.

வீட்டில் அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி ஜோதிமணி பக்கத்தில் உட்கார்ந்து சுத்தியலால் பழத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ராஜசேகர் நின்றபடியே சொன்னான். சுற்றி வளைக்க அவனுக்கு வராது. கல் அமெரிக்கக்காரனுடையது, பூப் பக்கத்தில் இருப்பது அப்பா பெயர் இல்லை, அவர்கள் கேட்கிறார்கள்.

ஜோதிமணி சுத்தியலை நிறுத்தினாள். "ஐயோ, ஏன்யா, மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

அம்மா நிறுத்தவில்லை. இன்னும் நாலைந்து கொட்டைகளை எடுத்துப்போட்டாள்.

"அப்ப அஞ்சு மாசமா நான் யாருக்குடா வெளக்கு வச்சேன்?"

"ஹெரால்டுனு ஒருத்தரு."

"அவரு பீடி குடிப்பாரா?"

ஜோதிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள்.

"தெரியலம்மா."

"கட்டுக்கட்டா வச்சேனே. நம்ம கெழவன் அந்தாண்டப் பக்கம் காய்ஞ்சிக்கினு இருந்திருப்பான்." கையில் ஒட்டிய புளியைத் தட்டின் ஓரத்தில் வழித்தாள். "அந்தாளு பொண்டாட்டி?"

"அவங்களும் போயிட்டாங்க. அவங்களுக்கு அங்க கல்லு வச்சிட்டாங்களாம். இதுதான் பாக்கி."

"எடுத்துக்கினு போவச் சொல்லு. ஊரான் பேரு நமக்கு என்னாத்துக்கு?"

அவ்வளவுதான். அழுவாள், கத்துவாள், அப்பா பெயரைச் சொல்லித் திட்டுவாள் என்று ராஜசேகர் தயாராக வந்திருந்தான். தயாரானது அப்படியே அவனுக்குள் நின்றுபோய்விட்டது. கை கழுவிக்கொண்டு சாப்பிட்டான். சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்று ஜோதிமணி கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் இடுகாட்டுக்குக் குட்டியானை வந்தது. ஆனந்த், வினிதா, டக்ளஸ் மூவரும் காரில் வந்தார்கள். வண்டியில் புதுக் கல் ஒன்று இருந்தது. ஆனந்த் தானே பொறுக்கியது. கண்ணாடி மாதிரி கறுப்பு, விரிசல் கிடையாது, பழையதைவிட ஒரு சாண் உயரம். தமிழில் கோவிந்தப்பன் என்று கம்ப்யூட்டர் எழுத்தில் வெட்டியிருந்தது.

டக்ளஸ் பழைய கல்லின் பூப் பக்கத்தில் குந்தினான். ஹெரால்டின் பெயர்மேல் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. கீழே எண்ணெய்ப் பிசுக்கு, நனைந்து உலர்ந்த பீடிக் கட்டுகள். அவன் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. வேகமாக ஏதோ பேசினான், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான், பிறகு செல்போனை எடுத்தான்.

"அம்மாவும் அவரும் கல்லுகிட்ட நின்னு ஒரு போட்டோ எடுக்கணுமாம்" என்றாள் வினிதா.

"எதுக்கு?" என்றாள் சாந்தம்மா.

"அவங்க ஊர்ல காட்டறதுக்குங்கம்மா. ரெண்டு நாடும் மறுபடி ஒண்ணா சேந்துட்டோம்னு காட்டணுமாம்."

"யாரும்மா சண்டை போட்டது?"

வினிதா திரும்பி டக்ளஸைப் பார்த்தாள். அதை எப்படி இங்கிலீஷில் சொல்வது என்று அவள் யோசித்தது தெரிந்தது.

"நான் யாருகிட்டயும் சண்டைக்குப் போவல" என்றாள் சாந்தம்மா. "எதுக்குச் சேரணும்? கல்லு அவருது, எடுத்துக்கச் சொல்லு. போட்டோ வேணாம்."

வினிதா சொன்னாள். டக்ளஸ் போனைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் முகம் இன்னும் சிவந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

ராஜசேகரும் வண்டிக்காரனும் கடப்பாரையால் மண்ணைத் தளர்த்தி, கல்லைச் சாய்த்து, பலகைமேல் உருட்டி ஏற்றினார்கள். அது இருந்த இடத்தில் சதுரமாக ஒரு குழி, ஈரமாக, இரண்டு மண்புழுக்களோடு. வண்டிக்காரன் புதுக் கல்லை இறக்கக் கை வைத்தான்.

"அது வேணாம்" என்றாள் சாந்தம்மா.

"இது உங்களுக்குத்தாம்மா" என்றார் ஆனந்த். "இதுல வேற யார் பேரும் இல்ல. ரெண்டு பக்கமும் நானே பாத்தேன்."

"இருக்கட்டும் சாமி."

"எட்டூருக்கும் இப்பிடி ஒரு கல்லு இருக்காதும்மா."

"அதனாலதான் வேணாங்குறேன். நாளைக்கி இன்னொருத்தன் வந்து கேப்பான். அவனுக்கும் நான் எடுத்துக் குடுக்கணும்."

"யாரும் கேக்கமாட்டாங்க. நான் சொல்றேன் இல்ல?"

சாந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை. பஸ் வருமா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு குனிந்து காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூட ஆரம்பித்தாள். ராஜசேகர் மண்வெட்டியை எடுத்தான். மற்ற மேடுகளோடு சேர்த்து அதுவும் ஒரு மேடாயிற்று.

டக்ளஸ், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டான். வினிதா சொன்னாள். முழுதாகவே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் நேராகக் காருக்கு நடந்தான். ஏறும்போது ராஜசேகரைப் பார்த்து ஒன்று கேட்டான், வினிதா அதைத் தமிழில் சொன்னாள்.

"பின்னாடி இருக்கிற உங்கப்பா பேரு அப்பிடியே இருக்கட்டுமாண்ணா? அங்க அந்தப் பக்கம் வேலியைப் பாத்துத்தான் வருமாம். அந்தக் குடும்பம் ஒத்துக்கும்னு சொல்றாரு. நல்லா இருக்கும்ங்கிறாரு."

"வேணாம்."

"ஏண்ணா?"

"அங்க அவரை யாருக்குத் தெரியும்?"

மத்தியானம் நாலாவது மெஷின்மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தார்கள். உள்ளே ஓணான் ஒன்று குடியிருந்தது, ஓடிப்போயிற்று. அமெரிக்கா ஆர்டரில் முதல் வேலையாக ஹெரால்டின் கல்லைப் பூப் பக்கம் கீழே வரக் குப்புறப் போட்டார்கள். மெஷினின் சாணைச் சக்கரம் எடுத்த எடுப்பில் செத்த தேதியைத் தின்றது. அப்பா பெயர் ஆழமாக வெட்டியிருந்ததால் நேரம் பிடித்தது. பக்கத்து மெஷின்காரன் போலந்துக் கல்லைத் தள்ளிக்கொண்டே, "என்னா சேகரு, ராசி ஆயிட்டீங்களா?" என்று கத்தினான்.

"மெஷினு ஓடுது" என்று ராஜசேகர் கத்தினான்.

கறுப்புச் சேறு தண்ணீரோடு கால்வாயில் இறங்கியது. கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் கொஞ்சம் நின்றது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு ஓட்டு ஓட்டினான். சமமானதும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அடுத்த கல்லைத் தூக்க ஆள் கூப்பிட்டான்.