சோம்பு மிட்டாய் தின்பவர்

மிட்டாய்க் கம்பெனி ஆள் பிக்கர்ஸ்கில் வெள்ளிக்கிழமை காலையில் வந்து என் கடை மேசையில் அட்டைக் கட்டு ஒன்றை வைத்தபோதே எனக்கு எரிச்சல். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத் தெருவில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறவளுக்கு இவன் பாடம் எடுக்கிறான்.

"கஸ்டமர் வேற, கன்ஸ்யூமர் வேற, மிஸஸ் டாட்ஸ்வர்த். காசு குடுத்து வாங்குறது கஸ்டமர். வாயில போட்டுக்கிறது கன்ஸ்யூமர். நாய் பிஸ்கட்டை நீங்க வாங்குவீங்க, திங்கிறது நாய்தானே?"

"என் நாய்க்கு உன்னைவிட விவரம் ஜாஸ்தி. விஷயத்துக்கு வா."

சோம்பு மிட்டாய் சரியாக விலைபோவதில்லையாம். வாங்குவது யார், தின்பது யார் என்று இந்த அட்டையில் எழுதிக் கொடுத்தால்தான் தொடர்ந்து போடுவார்களாம்.

என் கடையில் அதை வாங்குவது ஒருத்திதான். ஈனிட், என் தம்பி வால்டரின் மனைவி. வெள்ளி தவறாமல் கால் பவுண்டு நிறுத்து வாங்குவாள். சோம்பு வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டும். அது வால்டரின் மிட்டாய். அவன் மீன்பிடிக் கப்பலோடு ஐஸ்லாந்துப் பக்கம் மூழ்கி மூன்று வருடம் ஆகிறது.

மதியமே அட்டையோடு அவள் வீட்டுக்குப் போனேன். அட்டை ஒரு சாக்கு. எனக்குத் தெரிய வேண்டியது வேறு.

எங்கள் தெருவில் ஆண்கள் கப்பலேறும் நாளில் எந்தப் பெண்ணும் துணி துவைக்க மாட்டாள். துவைத்தால் கடல் அவனை அடித்துக்கொண்டு போய்விடும். வால்டர் கடைசியாகப் புறப்பட்ட அன்று நான் ஒரு ஏப்ரனைத் துவைத்தேன். ஒரே ஒரு ஏப்ரன். அதில் சர்க்கரைப் பாகு கொட்டிவிட்டது. சாஸ்திரமாவது மண்ணாங்கட்டியாவது என்று துவைத்துக் கொடியில் போட்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. பாவி நான்.

"சொல்லு கண்ணு, அந்த மிட்டாயை யார் திங்கிறா?"

"வேற யாரு? வால்டர்தான்."

"ஈனிட்!"

"நம்பாட்டிப் போ." ஜன்னலோரம் இருந்த கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். உள்ளே மிட்டாய்க் காகிதங்கள். ஒவ்வொன்றும் மீன்வலை முடிச்சாகக் கட்டியிருந்தது. வால்டர் இடக்கைக்காரன், அவன் முடிச்சு தலைகீழாகத்தான் விழும். இவையும் தலைகீழ். ஈனிடுக்குத் தன் ஷூ நாடாகூட ஒழுங்காகக் கட்ட வராது.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"பேச மாட்டார். தின்னுட்டுப் போயிடுவார். ஹில்டா, மிட்டாயை நிறுத்திடாதே. அது நின்னா அவரும் வரமாட்டார்."

கடைக்குத் திரும்பி, ஒரு தட்டில் மூன்று சோம்பு மிட்டாய் எடுத்து ஜன்னலில் வைத்தேன். எனக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டட்டும், போதும். சனி போனது, ஞாயிறு போனது. திங்கட்கிழமையும் ஒரு காகிதம்கூடக் கசங்கவில்லை.

அடுத்த வெள்ளி ஈனிட் வந்ததும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். "அவன் கப்பலேறின அன்னிக்கு நான் துணி துவைச்சேன்."

அவள் பையைத் திறந்தபடியே, "தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"எங்க வாசல்ல நின்னா உன் கொடி தெரியும். துறைமுகத்துக்கு டாக்ஸில ஏறப் போனவர் நின்னு பார்த்தார். போகாதீங்கன்னு சட்டையைப் பிடிச்சேன். 'நம்ம ஹில்டா எனக்கு அப்படிச் செய்வாளா? அது நேத்து துவைச்சதா இருக்கும்'னு சிரிச்சார். ஏறிட்டார்."

எடுத்த மிட்டாய் ஜாடியை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

"இது தெரிஞ்சுமா வாராவாரம் என்கிட்ட வாங்கினே?"

"வேற எந்தக் கடையில சோம்பு மிட்டாய் இருக்கு?" என்றாள் ஈனிட். கால் பவுண்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றே அட்டையை நிரப்பினேன். வாங்குபவர்: ஈனிட் ஹார்க்கர். தின்பவர்: வால்டர் ஹார்க்கர். பிக்கர்ஸ்கில் சிரித்தால் சிரிக்கட்டும்.

என் தட்டை மட்டும் இன்னும் ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை. தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்க்கிறேன். மூன்றும் அப்படியே இருக்கின்றன.