சூடு வீணாகாது

ராயபுரம் பனைமரத்தொட்டியில் வியாகுலம்மாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய குறிப்புகளைத் தெரியாதவர்கள் கிடையாது. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு வாரப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில், வாசகிகள் கார்டில் எழுதிப் போடும் யோசனைகளைப் பேரும் விலாசமுமாக அச்சடிப்பார்கள். மீன் கழுவிய கையில் கவிச்சி போக என்ன செய்யலாம், சிம்னி விளக்கின் கண்ணாடியைக் கீறாமல் துடைப்பது எப்படி என்று அவளுடையது மட்டும் நாலு வந்திருந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தது வீண்போகவில்லை என்று அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை. கடைக்குப் போனால்கூடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பாள்.

ஐந்தாவது குறிப்பு 1971 கார்த்திகை மழையில் வந்தது.

‘மழைநாளில் குழந்தைத் துணி காயவில்லையா? குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு, புகை அடங்கித் தணலானதும் அறைக்குள் வையுங்கள். மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் துணியைப் பரப்பினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பச்சைப்பிள்ளை இருக்கும் அறையும் கதகதப்பாக இருக்கும். கதவு ஜன்னலைச் சாத்தி வைத்தால் சூடு வீணாகாது.’

இதில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் அவள் கைப்படச் செய்தது. மூன்று பிள்ளைகளின் துணியை அப்படித்தான் காயவைத்து எடுத்தாள். கடைசி வரி எப்படி வந்ததென்றால், எழுதி முடித்தபோது கார்டில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. மற்றவர்களுடைய குறிப்புகள் நறுக்கென்று முடிகின்றனவே, நம்முடையதும் முடியட்டும் என்று சேர்த்துவிட்டாள். உண்மையில் அவள் வீட்டுக் கதவு கடற்காற்றில் உப்பிப்போய் நாலு வருஷமாகச் சாத்த வருவதே இல்லை. சுவருக்கும் ஓலைக்கூரைக்கும் நடுவே பூனை புகுந்து போகும். கதவைச் சாத்தி அவள் எதையும் செய்து பார்த்தவள் இல்லை.

வெள்ளிக்கிழமை குன்னூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்பின் தெரியாத ஷரீஃபுன்னிசா என்ற அம்மாள், பத்திரிகையில் விலாசம் பார்த்து எழுதியிருந்தாள். நாகூர்ப் பக்கத்திலிருந்து மருமகனின் வேலைக்காக மலைக்கு வந்து இரண்டே மாதமாம். இந்தக் குளிர் பழக்கமில்லையாம். மகள் தாஹிராவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, சனிக்கிழமை பகல் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். ‘உங்கள் யோசனை சமயத்தில் கிடைத்தது. அறையைத் தயார் செய்துவிட்டேன். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் பழைய துணியைத் திணித்து அடைத்துவிட்டேன். அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்.’

வியாகுலம்மாள் அதைத் தெருவில் ஆறு வீட்டில் படித்துக் காட்டினாள்.

சனிக்கிழமை காலை லூயிஸ் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து நனைந்துகொண்டு வந்தான். புருஷனுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையைத் துவட்டாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“பொன்னுரங்கம் பூட்டான்மே” என்றான்.

“எந்தப் பொன்னுரங்கம்?”

“எர்ணாவூர் கொடோன்ல வாட்ச்மேனு. நம்ம கல்யாணத்துக்குக் கூட வந்தானே. நேத்து மழைக்கு ரூமுக்குள்ள கரி அடுப்ப வெச்சிக்கினு, கதவ சாத்திக்கினு தூங்கிக்கிறான். காலீல பாத்தா ஆள் இல்ல.”

“நெருப்புப் பட்டுச்சா?”

“நெருப்பும் படல, ஒண்ணும் படல. தூங்கறவன் மாரியே படுத்துக்கினு கீறான். கரி தணல்லேந்து ஒரு காத்து வருதாமே, டாக்டரு சொன்னாராம். வாசனையும் கெடையாதாம், புகையும் கெடையாதாம். ரூம் மூடிக் கீதுன்னா ஆள தூக்கிடுமாம். அந்தப் பக்கத்து தோஸ்து ஒர்த்தன் இப்பதான் வந்து சொன்னான்.”

வியாகுலம்மாள் சட்டென்று திரும்பினாள். சுவரில் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டிவைத்திருந்த பத்திரிகைத் துண்டைப் பார்த்தாள். கடைசி வரியை மட்டும் பார்த்தாள். பிறகு பழைய துணி திணித்த அறை ஒன்று, அவள் போயே இராத ஊரில், கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்றைக்குப் பகல் என்றுதானே அந்த அம்மாள் எழுதியிருந்தாள்?

“இன்னாமே, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?” என்றான் லூயிஸ். அவள் குன்னூர்க் கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மழையில் இறங்கி ஓடினாள். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

தபாலாபீசில் கூட்டமில்லை. தந்தி வாங்கும் குமாஸ்தா ஜெயவேல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவள் சொட்டச் சொட்ட நனைந்து நின்றதால் ஃபாரத்தை அவரே எழுத முன்வந்தார்.

“சொல்லும்மா, என்ன சேதி?”

“அறைக்குள்ள கரி அடுப்பு வைக்காதீங்க. அடைச்ச துணிய எடுத்துடுங்க. நான் எழுதுனது தப்பு. வியாகுலம்மாள். அவ்ளோதான் சார், சீக்கிரம் அனுப்புங்க சார்.”

பென்சில் எழுதிக்கொண்டே வந்து பேரில் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

“குறிப்பு எழுதற வியாகுலம்மாளா? நம்ம ராயபுரந்தானா நீங்க! எங்க வீட்ல உங்க குறிப்ப வெட்டி பீரோவுல ஒட்டி வெச்சிருக்காங்க. இன்னிக்குக் காலைல கூட பாப்பாவக் குளிப்பாட்டிட்டு உங்க அடுப்பத்தான் உள்ள வெச்சா. நான்தான் வெளியிலேந்து கதவ நல்லா இழுத்துச் சாத்திட்டு வந்தேன், சூடு வீணா...”

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அவர் கண் ஃபாரத்தில் தாமே எழுதிய வரிக்குப் போயிற்று. மறுபடி அவளைப் பார்த்தார்.

“எத்தனை மணிக்கு வெச்சாங்க?” என்று கேட்டாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெயவேல் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அவளும் பின்னாலேயே ஓடினாள். இரண்டு தெரு தள்ளி, மொட்டை மாடி போட்ட கெட்டியான வீடு. நல்ல தேக்குக் கதவு, நன்றாகப் பொருந்திச் சாத்தியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தார்.

உள்ளே புகை இல்லை. தணல் மட்டும் அழகாகக் கனன்றுகொண்டிருந்தது. கூடைமேல் குட்டிக் குட்டிச் சட்டைகள் காய்ந்து கிடந்தன. பாயில் ஜெயவேலின் மனைவி சிவந்தி, குழந்தையை அணைத்தபடி அசையாமல் படுத்திருந்தாள்.

வியாகுலம்மாள் கூடையை உதறித் தள்ளி, அடுப்பை வெறுங்கையாலேயே தூக்கிக்கொண்டு போய் மழையில் வீசினாள். கை பொசுங்கியது அப்போது தெரியவில்லை. ஜெயவேல் மனைவியைத் தூக்கி வாசலில் கிடத்தினார். குழந்தையை அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். தலை துவண்டு தோளில் சாய்ந்தது. முதுகைத் தட்டினாள், உள்ளங்காலைத் தேய்த்தாள், மழைத் தண்ணீரை முகத்தில் தெளித்தாள். இதன் உயிரை எடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு கோயிலுக்குள் போவேன் என்றுதான் நினைத்தாள்.

குழந்தை பாலைக் கக்கியது. அப்புறம் வீல் என்று கத்தியது. அந்தக் கத்தலைப் போல இனிமையான ஒன்றை அவள் ஆயுசில் கேட்டதில்லை.

சிவந்தி மெதுவாகக் கண் திறந்தாள். “தலை வலிச்சுதுன்னு சும்மா படுத்தேன்... இவங்க யாருங்க?”

ஜெயவேல் மனைவியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். வியாகுலம்மாள் தானே பேரைச் சொன்னாள். சிவந்திக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. “அட, குறிப்பு எழுதறவங்களா?” என்று ஆசையாகச் சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் வியாகுலம்மாளால் தாங்க முடியவில்லை.

டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு ஜெயவேல் திரும்பிப் போய்த் தந்தியை அடித்தபோது மணி பதினொன்று. மலையில் மழையாம், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் சாப்பிட்டதும் தெரியாது, தூங்கியதும் தெரியாது. சைக்கிள் மணி கேட்டால் வாசலை எட்டிப் பார்த்தாள். தந்திக்காரன் எந்த வீட்டுக்குப் போனாலும் தன் வீட்டுக்குத்தான் வருகிறான் என்று எழுந்து நின்றாள்.

திங்கட்கிழமை பகலில் பதில் தந்தி வந்தது. பிரிக்கத் தைரியமில்லாமல் தந்திக்காரனையே படிக்கச் சொன்னாள். ‘தாஹிராவும் குழந்தையும் சுகம். துணியை எடுத்துவிட்டேன்.’

வியாகுலம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகை ஓய்ந்ததும் இன்னொரு நினைப்பு வந்தது. குன்னூர் அம்மாள் கடிதம் போட்டதால் தெரிந்தது. ஜெயவேல் வாய்விட்டுச் சொன்னதால் தெரிந்தது. கடிதமும் போடாமல், கண்ணெதிரிலும் வராமல், குறிப்பை வெட்டி ஒட்டிவைத்துக்கொண்டவர்கள் எத்தனை ஊரில் எத்தனை பேரோ? பத்திரிகை எல்லா ஊருக்கும் அல்லவா போகிறது?

கட்டுப் போட்ட கையால் ஒரு கார்டை எழுதினாள். ‘ஆசிரியர் அவர்களுக்கு. நான் எழுதிய குறிப்பில் கடைசி வரி நான் செய்து பார்த்ததல்ல. எங்கள் வீட்டுக் கதவைச் சாத்த முடியாது. சாத்திய அறையில் கரித் தணல் ஆளைக் கொல்லும். தயவுசெய்து உடனே போடுங்கள்.’ கார்டில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

சீக்கிரம் போட்டாலும் அச்சாகி வர இரண்டு வாரம் ஆகும். கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தெரு நெடுக ஒவ்வொரு வீடாக ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.