குப்புறக் கிடந்த செருப்புகள்

தலவாக்கலை செருப்புக் கம்பெனியில், செருப்பின் அடியில் நட்சத்திர அச்சுப் பதிப்பது என் வேலை. மூன்று வருஷமாகத் தேயிலைக் கொழுந்துக்கூடைக் கயிறு என் தலையில் ஏறவில்லை. அந்த நிம்மதி, அட்டைக்கடியோடு மலை ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் வெளிநாட்டுச் செருப்புக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள். முதலாளி அம்பலவாணர் எங்கள் நாற்பது பேரையும் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடத் தெரியாத மனுஷன்.

"கடைக்காரர் எங்கட சாமானை எடுக்கிறேல்லை. நீங்களும் உங்கட சனமும் எண்டாலும் வாங்கினா இழுத்துப் பிடிப்பன். இல்லாட்டி பூட்டத்தான் வேணும்."

"நாங்க இருக்கோம்ங்க ஐயா. அந்தோனியார் திருநாளுக்கு எல்லாரும் நம்ம செருப்புதான் போடுவோம். நீங்களே வந்து பாருங்க" என்றேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

சனிக்கிழமை நுவரெலியாவுக்குப் போனேன். எங்கள் செருப்பு ஒரு சோடி வாங்கும் காசுக்கு, வெளிநாட்டுச் செருப்பு இரண்டு சோடி கிடைத்தது. அதே கறுப்பு வார். மேலே பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை; அடியில்தான் நட்சத்திரத்துக்குப் பதில் அலைக்கோடு. வீட்டில் இரண்டு பிள்ளைகள். என் ஒருத்தியால் கம்பெனி கவிழ்ந்துவிடுமா என்ன? எனக்கும் சேர்த்து மூன்று சோடி வாங்கினேன்.

திருநாளன்று பனிமூட்டம் கோயில் படிவரை இறங்கியிருந்தது. நாங்கள் பிந்திப் போனோம். தூறல் என்றால் செருப்பைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு உள்ளே போவது எங்கள் ஆட்களின் பழக்கம், கால் வைக்கிற பக்கம் நனையாது. மகள் யூஜினாவும் அப்படியே கவிழ்த்தாள்.

அப்போதுதான் வரிசையைப் பார்த்தேன். எல்லாம் அலை அலையான கோடு. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. என் பக்கத்து மெஷின் ஜீவராணியின் செருப்பும் அப்படித்தான். எல்லாருமே என்னைப் போலவே கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாவிகள்!

"நிமித்திப் போடுடி!"

"நனைஞ்சிருமேம்மா."

நானே குனிந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினேன். பாதிகூட முடியவில்லை, ஆட்டோ வந்து நின்றது. அம்பலவாணர் இறங்கினார்.

ஜீவராணியின் செருப்பு என் கையிலேயே இருந்தது. அவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தன் செருப்பைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்து, அதையும் கவிழ்த்து வைத்தார். நான் பதித்த நட்சத்திரம்.

"இசபெல், திங்கக்கிழமை எல்லாரையும் அடையாள அட்டையைக் கொண்டு வரச் சொல்லும்" என்றுவிட்டு உள்ளே போனார்.

"எதுக்கும்மா அது?" என்றாள் யூஜினா.

போன வருஷம் பக்கத்துச் சட்டைக் கம்பெனியை மூடியபோதும் கணக்கு முடிக்க முதலில் கேட்டது அதைத்தான். என் கொழுந்துக்கூடை இன்னும் லயத்து வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது.